ஸ்ட்ரோபரிக்கு விற்ற உயிர்ப் பசளை பற்றிய புகார்

வாடிக்கையாளர் பிரிவுக்கு,

நான் கந்தப்பளையில் ஸ்ட்ரோபரி செய்கிறவன். உயிருள்ள நுண்ணுயிர்கள் கலந்த உங்கள் திரவ உயிர்ப் பசளையை நுவரெலியா டவுனில் இருக்கும் உங்கள் முகவரிடம் வாங்கி இந்தப் போகம் முழுக்கப் பாவித்தேன். கொடுத்த காசு திரும்ப வேண்டும். விளைச்சல் கெட்டதைச் சொன்னபோது, போனில் பேசிய உங்கள் அலுவலகப் பிள்ளை, "இந்த முறை மழை கூடத்தானே அங்கிள், அதனாலதான்" என்று சொல்லி வைத்துவிட்டார், அதனால்தான் விபரமாக எழுதுகிறேன். நான் செய்கை பண்ணுவது பொலிடனலுக்குள், அதாவது பொலித்தீன் கூடாரத்துக்குள், அதற்குள் மழை எங்கே பெய்கிறது?

என் பொலிடனலில் ஒரு பக்கம் தேங்காய்த் தும்புத் தூள் பைகளில் கன்று, மறுபக்கம் கொம்போஸ்ட் போட்ட மண் பாத்தி. இரண்டு பக்கமும் ஒவ்வொரு வரிசையை வழமையான பசளையோடு விட்டுவிட்டு, மீதிக்கு உங்கள் துண்டுப் பிரசுரத்தில் உள்ளபடி வேறு பசளை எல்லாவற்றையும் நிறுத்தி உங்களுடையதை மட்டும் கொடுத்தேன். தும்புத் தூள் பைகளில் முதலில் அடி இலைகள் ஓரத்திலிருந்து சிவந்தன, பிறகு பூ குறைந்தது, வந்த பழமும் மாபிள் அளவில்தான், காம்புப் பக்கம் வெள்ளையாக, கடித்தால் புளிப்பு. ஹோட்டலுக்கு எடுக்கிறவர் கூடையைப் பார்த்துவிட்டு ஜேம் விலைதான் தருவேன் என்றார். வழமையான பசளை போன பக்கத்து வரிசையில் எந்தக் குறையும் இல்லை. மண் பாத்தியில் கன்றுகள் நன்றாகத்தான் இருந்தன, வேர் கொஞ்சம் அடர்த்தியாகக்கூட இருந்தது, அதை மறைக்கமாட்டேன். ஆனால் பழம் பக்கத்து வரிசையைவிட ஒரு பிடிகூட அதிகமாக வரவில்லை. நீங்கள் அச்சடித்திருப்பது "இரட்டிப்பு விளைச்சல்".

இது ஏன் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. மலையக மண் புளிப்பு மண், அதில் பொஸ்பரஸ் இரும்போடும் அலுமினியத்தோடும் ஒட்டிக்கொண்டு கிடக்கும், அதைக் கரைத்துக் கொடுக்கிற உங்கள் பசளையின் பக்டீரியாவுக்கு அங்கே வேலை இருக்கிறது. கழுவிய தும்புத் தூளில் கரைக்க என்ன இருக்கிறது? அதில் உள்ள இன்னொரு பக்டீரியாவான அசோஸ்பிரில்லம் காற்றிலிருந்து கொஞ்சம் நைதரசன் பிடித்துத் தரும், சரி, ஆனால் காய்க்கிற கன்றுக்கு அது மட்டும் போதாது, பழத்துக்கு வேண்டிய பொட்டாசியத்தை அது தரவே தராது. மண்ணுக்கும் பைக்கும் ஒரே துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்து "இனி வேறெதுவும் தேவையில்லை" என்று எழுதியது யார்? 2021இல் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியதால் மலையகம் பட்ட பாட்டுக்குப் பிறகும் இப்படி எழுத ஒரு துணிச்சல் வேண்டும்.

அடுத்தது, லேபலில் மைக்கோரைசா இருக்கிறது என்று போட்டிருக்கிறீர்கள், அது ஒரு பங்கசு. அதே லேபலின் பின்பக்கத்தில் பங்கசு நாசினியோடு கலந்து இலையில் தெளிக்கலாம் என்கிறீர்கள். வேரில் படவேண்டியதை இலையில் தெளித்து, அதையும் கொல்லக்கூடிய மருந்தோடு கலந்து, என்ன கணக்கு இது?

இப்போது போத்தல் விஷயம். காலாவதித் திகதி ஸ்டிக்கரின் மூலை எழும்பியிருந்தது, நகத்தால் உரித்தேன், அடியில் இன்னொரு ஸ்டிக்கர், அதில் போன வருடத்துத் திகதி. ஒரு மில்லிலீற்றரில் எத்தனை உயிருள்ள நுண்ணுயிர் என்ற எண்ணிக்கை எங்கேயும் இல்லை. உங்கள் முகவர் பெட்டிகளைக் கடை வாசலில் வெயிலில்தான் அடுக்கி வைத்திருக்கிறார், அதையும் போய்ப் பாருங்கள்.

மாற்றுப் போத்தல் தருகிறோம் என்று சொல்ல வேண்டாம். வாங்கிய அத்தனை போத்தலுக்கும் முழுக் காசையும் திருப்பித் தாருங்கள், தும்புத் தூள் பைகளில் போன விளைச்சலுக்கு என்ன தருகிறீர்கள் என்றும் எழுத்தில் சொல்லுங்கள். அந்தத் திகதி ஸ்டிக்கரை ஒட்டியது நீங்களா முகவரா என்பதற்கும் பதில் வேண்டும். பில், இரண்டு ஸ்டிக்கரின் படம், பக்கத்துப் பக்கத்து வரிசைகளின் படம் எல்லாம் இணைத்திருக்கிறேன். திறக்காத போத்தல்களையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். இரண்டு கிழமைக்குள் பதில் வராவிட்டால் அவற்றோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போவேன்.

இப்படிக்கு,
கந்தப்பளை ஸ்ட்ரோபரிச் செய்கையாளர்