குப்பைக் கூடையில போன முதல் பக்கம்: பழைய பேப்பர் செக்‌ஷன் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். உங்க லைப்ரரியில பைண்டு பண்ணி வெச்சிருக்கற பழைய மெட்ராஸ் இங்கிலீஷ் பேப்பர் வால்யூம்களைப் பத்தித்தான் எழுதுறேன், அதோட முதல் பக்கங்களைப் போட்டோ எடுக்க விடுங்கன்னு கேக்கத்தான். பக்கங்களைப் பொடியா எடுத்து வெச்ச ஃபிலிமைப் பெருசாக்கிப் படிக்கற மைக்ரோஃபிலிம் மெஷின் ரிப்பேர்னு உங்களுக்கே தெரியும், போன் உள்ள கொண்டு வரக்கூடாதுங்கிற போர்டும் நீங்க மாட்டினதுதான், அதனால முன்கதை வேணாம். போன வாரம் 1890கள்ல ஒரு வால்யூம் கேட்டேன், அட்டெண்டர் பாவம் ஜாக்கிரதையாத்தான் தூக்கிட்டு வந்தாரு, அட்டையைத் திறந்ததும் முதல் பக்கத்தோட அடி ஓரம் அப்பளம் மாதிரி நொறுங்கி மேஜையில விழுந்துச்சு. அவரு ஒரு துணிய எடுத்துத் துடைச்சு அதைக் கூடையில போட்டுட்டுப் போயிட்டாரு. அவர் மேல எனக்குக் கோபமே இல்ல, வேற என்ன செய்யணும்னு அவருக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க?

கூடையில போனது நாடக விளம்பரமா சோப்பு விளம்பரமான்னு இனிமே யாருக்கும் தெரியாது.

நான் தேடுறது விக்டோரியா காலத்து ஃபார்ஸ், அதாவது ஆள்மாறாட்டமும் குழப்பமுமா சிரிக்க வைக்கிற நாடகங்கள், காலனி ஊர்கள்ல ஆடின கதை. பெரிய சோக நாடகத்தைப் போட்டுட்டு கடைசியில ஒரு குட்டி ஃபார்ஸ் போட்டு சிரிக்க வெச்சு வீட்டுக்கு அனுப்புறது அப்ப வழக்கம். விளம்பரம் எல்லாம் முதல் பக்கத்துல வரும், அதுல பெரிய நாடகம் பேரு மேல கொட்டை எழுத்துல இருக்கும், ஃபார்ஸ் பேரு கீழ ஒரு வரி. மறுநாள் விமர்சனம் எழுதறவரும் பெரிய நாடகத்தைப் பத்தித்தான் பத்தி பத்தியா எழுதுவாரு. ஆக ஒரு ஃபார்ஸ் ஒரு ஊர்ல ஆடுச்சுங்கிறதுக்குப் பல சமயம் இருக்கற ஒரே சாட்சி அந்த ஒரு வரிதான், அது ஓரத்துல விழுந்திருந்தா முதல்ல உதிர்றதும் அதுதான். அதனாலதான் கேக்குறேன், முதல் பக்கங்களையாவது போட்டோ எடுக்க விடுங்க.

இதுல ஒரு கூத்தும் இருக்கு. 1850கள்ல வந்த பேப்பர் கந்தல் துணியில செஞ்ச காகிதம், இன்னும் ஓரளவுக்குத் தெம்பா இருக்கு. பின்னாடி மரக்கூழ்ல காகிதம் செய்ய ஆரம்பிச்சாங்க, அதுல இருக்கற ஆசிட் அதையே தின்னுது. அதனால 1847ல லண்டன் லைசியம் தியேட்டர்ல வந்த ‘பாக்ஸ் அண்ட் காக்ஸ்’ங்கிற ஃபார்ஸைப் பத்தின செய்தி இன்னும் கொஞ்ச காலம் தாங்கும், 1892ல வந்த ‘சார்லிஸ் ஆன்ட்’, ஒரு ஆம்பளை அத்தை வேஷம் போடற ஃபார்ஸ், அதைப் பத்தின செய்தி பொடியாயிட்டு இருக்கு. லண்டன்ல 1,466 தடவை ஆடின நாடகம் சார் அது, மராத்தியில ஆச்சார்ய அத்ரே ‘மோருச்சி மாவ்ஷி’ன்னு மாத்தி எழுதி அங்க ஜனங்க இன்னும் கொண்டாடுறாங்க. அது நம்ம ஊருக்கு எப்படி வந்துச்சு, யாரு சேலை, கவுன் கட்டி அத்தையா நடிச்சாங்கன்னு தேடறதுக்கு நமக்கு இருக்கறது இந்த வால்யூம்தான்.

‘பாக்ஸ் அண்ட் காக்ஸ்’ தெரியும்தானே? ஒரே ரூமை பகல்ல வேலைக்குப் போற தொப்பிக்காரனுக்கும் ராத்திரி வேலை பாக்கற பிரிண்டருக்கும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாம வாடகைக்கு விட்டு மிஸஸ் பவுன்சர் அம்மா டபுள் வாடகை வாங்குவாங்க. ஒரு ரூம், மூணு பேரு, அவ்வளவுதான் செலவு, அதனால பொழுதுபோக்கா நாடகம் போட்ட பட்டாளத்துக்காரங்களுக்கு அது ரொம்ப வசதி. உங்க கவுன்ட்டர்ல ஓடாத மெஷினுக்கு ஒரு கட்டணம், எடுக்க முடியாத காப்பிக்கு ஒரு கட்டணம்னு ரசீது போடறதைப் பாத்தா அந்தம்மா ரிட்டயர் ஆகலைன்னு தோணுது. மன்னிக்கணும்.

ஆஸ்திரேலியாவைப் பாருங்க. 1796ல சிட்னியில அச்சடிச்ச ஒரே ஒரு நாடக நோட்டீஸ் கனடா லைப்ரரியில ஒரு ஸ்க்ராப் புக்குள்ள கிடைச்சுது, 2007ல கனடா அரசாங்கமே அதைத் திருப்பிக் குடுத்துச்சு, அந்த நாட்டுல அச்சடிச்சதுல இன்னிக்கு மிஞ்சியிருக்கறதுல பழசு அதுதான். துணியால துடைச்சிருந்தா போயிருக்கும். அவங்க தேசிய நூலகம் பழைய பேப்பர்களைப் போட்டு வெச்சிருக்கற ‘ட்ரோவ்’ங்கிற வெப்சைட்டுல நான் பெரம்பூர்ல மொட்டை மாடியில உக்காந்து பைசா செலவில்லாம ஹோபார்ட், சிட்னி நாடக விளம்பரங்களைப் படிக்கிறேன். 2023ல அதுக்குக் காசு இல்லன்னு பேச்சு வந்தப்ப ஜனங்க போட்ட சத்தத்துல கவர்மென்ட் நாலு வருஷத்துக்கு 33 மில்லியன் டாலர் ஒதுக்குச்சு. மெல்போர்ன்ல அன்னிக்கு எதுக்குச் சிரிச்சாங்கன்னு எனக்குத் தெரியும், மவுண்ட் ரோட்டுல எதுக்குச் சிரிச்சாங்கன்னு தெரியாது.

சிரிப்புதானே, இதுக்கு எதுக்கு இவ்வளவுன்னு நினைக்காதீங்க. கல்கத்தாவுல எஸ்தர் லீச்னு ஒரு நடிகை, 1843 நவம்பர்ல பெரிய நாடகம் முடிஞ்சு ஃபார்ஸுக்கு வேஷம் போட்டுக்கிட்டு சைடுல நின்னப்ப எண்ணெய் விளக்குல கவுன் பத்தி, சில நாள்ல செத்தே போனாங்க. 1876ல அதே ஊர்ல வேல்ஸ் இளவரசர் வருகையைக் கிண்டல் பண்ணி வங்காளிங்க ஒரு ஃபார்ஸ் போட்டாங்க, உடனே நாடகத்தைத் தடை பண்ண அவசரச் சட்டம், அந்த வருஷமே அதுக்குன்னே ஒரு நாடகச் சட்டம். துரைமாருங்க ஃபார்ஸ் போட்டா பொழுதுபோக்கு, நம்மாளு போட்டா கேஸ். அந்தச் சட்டத்தை முழுசாத் தூக்கவே நமக்கு 2018 வரைக்கும் ஆச்சு, இந்த வேகத்துல உங்க மெஷின் ரிப்பேரை நினைச்சா பயமா இருக்கு.

சரி, கேக்க வந்ததைக் கேட்டுடுறேன். எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணுங்கன்னு சொல்லல, பட்ஜெட் கஷ்டம் புரியுது. முதல் பக்கங்களை மட்டும், ஃபிளாஷ் இல்லாம, உங்க ஆளு பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே, எங்க போன்லயே எடுக்க அனுமதி குடுங்க, எடுத்த எல்லாத்தையும் ஒரு காப்பி உங்களுக்கே தந்துடுறோம். மரக்கூழ் காகித வால்யூம்களை முதல்ல எடுப்போம். அப்புறம் உதிர்ற துண்டை ஒரு கவர்ல போட்டு, தேதி எழுதி, அந்த வால்யூம்கூடவே வைக்கச் சொல்லுங்க. கவர் நாங்களே வாங்கித் தர்றோம்.

மரியாதையுடன்,
உங்க ரீடிங் ரூம் வாசகன்