நாஷ்வில்லில் காத்திருந்தவர்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். "ஆபீஸ்ல எல்லாரும் என்னை மந்தம்னு சொல்றாங்கப்பா" என்று ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. அன்று எனக்குப் பதில் வரவில்லை. நீ இருக்கும் அதே நாஷ்வில்லில், அதே பேச்சை வாங்கிய ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

அமெரிக்க ஜெனரல் ஜார்ஜ் தாமஸ், 1816இல் வர்ஜீனியாவில் பிறந்தவர். வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் படித்தார், மெக்சிகோ போரில் பீரங்கிப் படையில் இருந்தார். அப்புறம் வெஸ்ட் பாயிண்டிலேயே குதிரைப் பயிற்சி கொடுத்தார். அங்கிருந்தவை வயதான குதிரைகள். பாவம், அவை களைத்துவிடும் என்று மாணவர்களை வேகமாக ஓட்டவிட மாட்டாராம். அதனால் 'மெதுநடைக் கிழவர்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் கடைசிவரை அவரை விடவில்லை.

1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டபோது, வர்ஜீனியா தென் மாநிலங்களோடு சேர்ந்து நாட்டை விட்டுப் பிரிந்து போனது. அவர் ஒன்றியத்தின், அதாவது வடக்கு அரசின், பக்கமே நின்றார். சகோதரிகள் அவர் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டார்கள் என்று சொல்வார்கள். 1863 செப்டம்பரில், சிக்கமாகாப் போரில், ஒன்றியப் படையின் ஒரு பெரும்பகுதி சிதறி, தலைமைத் தளபதியே களத்தை விட்டுப் போன பிறகும், இவர் மேட்டில் நின்று மாலைவரை தாங்கினார்.

1864 டிசம்பரில் உன் ஊருக்குத் தெற்கே தென்தரப்புத் தளபதி ஹூடின் படை வந்து நின்றது. உடனே தாக்கு என்று, ஒன்றியப் படைகளுக்கெல்லாம் தலைவரான கிராண்ட் தந்திமேல் தந்தி அடித்தார். தாமஸுக்குக் குதிரைகள் போதவில்லை, திரட்டிக்கொண்டிருந்தார். அதற்குள் பனிமழை கொட்டித் தரையெல்லாம் கண்ணாடியாக உறைந்துவிட்டது. பதவியைப் பறித்தால் முணுமுணுக்காமல் ஏற்கிறேன் என்று தந்தியில் சொன்னாரே தவிர, அவசரப்பட்டுப் படையை அனுப்பவில்லை. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது அதுதான், கண்ணு. அவருக்குப் பதிலாக வேறொரு தளபதியை கிராண்ட் அனுப்பியும்விட்டார். அவர் வந்து சேருவதற்குள் பனி உருகியது. டிசம்பர் 15, 16 இரண்டே நாளில் ஹூடின் படை நொறுங்கியது. அதில் கறுப்பின வீரர்களும் நின்று போரிட்டார்கள், நிறையப் பேர் உயிரைக் கொடுத்தார்கள்.

அந்தப் போர் நடந்த ஷைஸ் ஹில் உன் ஊரிலேயே, வீடுகளுக்கு நடுவில் இருக்கிறது. குளிர் குறைந்ததும் ஒரு நாள் மேலே ஏறிப் பார். பார்த்துவிட்டு எனக்கு போன் பண்ணு. அம்மா ஸ்வெட்டர் அனுப்பியிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா