சதுரக் குழாயும் இடிமேகமும்

அன்புள்ள முருகேசா,

நான் நலம். பட்டறை எப்படிப் போகிறது, தங்கச்சிக்கு மூட்டுவலி தேவலையா? போன வாரம் போடி பக்கம் ஒரு நூலகத்தில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள், அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம், சந்திரயான் இறங்கியபோது நாம் டீக்கடையில் நின்று பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? திட்ட இயக்குநர் விழுப்புரத்து வீரமுத்துவேல் என்று யாரோ சொன்னதும் கடையே கைதட்டியது. நம் ஜனங்களுக்கு அறிவியலில் ஆர்வம் கிடையாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது அதனால்தான். ராக்கெட்டைத் தாண்டி நம் நாட்டில் என்ன ஆராய்ச்சி நடக்கிறது என்று அவர்களிடம் போய்ச் சொல்லத்தான் ஆள் போதவில்லை.

நான் ஊட்டியில் இருக்கும் கிரேப்ஸ்-3 என்ற ஆய்வுக்கூடத்தைப் பற்றிப் பேசினேன். விண்ணிலிருந்து வரும் கதிர்கள் காற்றில் மோதும்போது உண்டாகும் மியூவான் துகள்களை அங்கே எண்ணுகிறார்கள். எதை வைத்துத் தெரியுமா? நீ தினமும் வெட்டுகிற மாதிரி சதுர இரும்புக் குழாய்தான்! ஆறு மீட்டர் நீளம், பத்து சென்டிமீட்டர் அகலம், உள்ளே வாயு, நடுவில் மெல்லிய கம்பி ஒன்று, இப்படி 3,712 குழாய்கள். 2014 டிசம்பர் 1 அன்று மேலே ஓர் இடிமேகம் வந்தது, மியூவான் எண்ணிக்கை 18 நிமிஷத்துக்குக் குறைந்துபோனது. அதிகபட்சம் இரண்டு சதவீதம்தான். அந்தக் குறைவை வைத்தே மேகத்தின் மின்னழுத்தம் 130 கோடி வோல்ட் என்று கணக்கிட்டு 2019-ல் வெளியிட்டார்கள். முன்பு பலூன் விட்டு அளந்ததைப் போலப் பத்து மடங்கு.

முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா, "மேகம் மேல, குழாய் கீழ, கிட்டப் போகாம எப்படிய்யா அளந்தாங்க?" என்றார். மேகத்தின் மின்சாரம் மியூவானின் வேகத்தைத் தடுக்கும், வலுக் குறைந்தவை கருவிவரை எட்டாது என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப வராததை எண்ணித்தான் கண்டுபிடிச்சிருக்காங்க" என்றார். சிலிர்த்துப்போனேன்டா.

அப்புறம் ஒரு தம்பி எழுந்து, போடி பக்கத்துப் பொட்டிபுரம் நியூட்ரினோ திட்டத்தைப் பற்றிக் கேட்டான். நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராய மலைக்குள் ஆய்வுக்கூடம் அமைக்கும் திட்டம் அது. 2015-ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது, ஆனால் எதிர்ப்பும் வழக்குமாக நின்றுபோனது. அம்பரப்பர் மலையைக் குடைந்தால் தண்ணீருக்கு என்ன ஆகும் என்று விவசாயிகள் கேட்டது நியாயமான கேள்வி, அதற்கு நேரான பதில் வேண்டும். நியூட்ரினோ உடம்புக்கு ஆகாது என்ற பயம் வேறு. சூரியனிலிருந்து வருபவை மட்டுமே கட்டைவிரல் நகம் அளவு இடத்தில் நொடிக்கு 6,000 கோடிக்கு மேல் நம்மைத் துளைத்துப் போகின்றன, நமக்கு ஒன்றும் ஆவதில்லை. இரண்டையும் பிரித்துச் சொல்ல ஊர் ஊராக, முதலிலேயே போயிருக்க வேண்டும். ஒப்புதல் வாங்கிய பிறகு வந்து விளக்கினால் யார் நம்புவார்கள்?

சரி, ஒரு உதவி. அடுத்த மாதம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் பேசப் போகிறேன், படம் காட்டினால் போதாது. நாலு அங்குல சதுரக் குழாய் ஒரு மீட்டருக்கு வெட்டி, நடுவில் கம்பி கட்டி, ஒரு பக்கம் திறந்தே வைத்து லாரி ஆபீஸில் போட்டுவிடு. பிசிரைத் தேய்த்துவிடு, பிள்ளைகள் கைவிட்டுப் பார்ப்பார்கள்.

அன்புடன்,
சேகர்