கேரல் ரவுண்ட்ஸ் தாண்டிப் போகிற வீடு

நம் சபையை நடத்தும் சேகரக் கமிட்டியார் அனைவருக்கும் தோத்திரம்.

நான் யாரென்று உங்களுக்குத் தெரியும். ஓய்வுநாள் பள்ளி வசனப் போட்டியில் நாலு வருஷம் முதல் பரிசு வாங்கிய பிள்ளை. குரல் உடைகிற வயதில் என்னை எந்த வரிசையில் நிறுத்துவதென்று புரியாமல் கொயர் மாஸ்டர் கீபோர்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தாரே, அதே ஆள்தான்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சேலை கட்டிக்கொண்டு கோயிலுக்கு வந்தேன். பெண்கள் பக்கம் உட்கார்ந்தேன், எழுப்பினீர்கள். ஆண்கள் பக்கம் போனேன், பெஞ்சே காலியானது. செருப்புக் கிடக்கிற இடத்தில் நின்று ஆராதனையை முடித்தேன். அதுகூடப் போகட்டும். திருவிருந்துக்கு முழங்கால் போட்டுக் கையை நீட்டினேன். எனக்கு முந்தி இருந்த சித்தி கையில் அப்பம் வந்தது. அடுத்து எனக்குப் பிந்தி இருந்தவர் கையில். நடுவில் நீட்டிய கையை எப்போது மடக்குவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன்.

பிறகு வீட்டுக்கே வந்து மூன்று நாள் உபவாச ஜெபம் நடத்தினீர்கள். தலையில் எண்ணெய் ஊற்றி, போ பிசாசே என்று கத்தினீர்கள். திருநங்கைகளை 'மாற்றுகிறேன்' என்று மருத்துவம் பார்ப்பதையே 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை செய்துவிட்டது. எண்ணெய்க் குப்பியைப் பற்றி அதில் என்ன இருக்கிறதென்று வக்கீலாக இருக்கும் கமிட்டி அங்கத்தினரே பார்த்துச் சொல்லட்டும்.

இப்போது நான் போகிற சபை சென்னைப் புறநகரில் ஓர் அரிசிக்கடை மாடியில் கூடுகிறது. பாயில்தான் உட்கார வேண்டும். முதல் நாள் வாசலில் தயங்கி நின்றேன். ஒரு பாட்டி தன் பையை நகர்த்தி வைத்து, "ஏண்டி நிக்கிற, உக்காரு" என்றாள். கீர்த்தனைப் புத்தகத்தில் பாதியை என் மடியில் வைத்தாள். அவ்வளவுதான் நடந்தது. எனக்குத்தான் பாட்டு வரவில்லை.

அங்கேயும் எல்லாரும் தேவதூதர்கள் இல்லை. நான் வந்ததால் ஒரு குடும்பம் சபைக்கு வராமல் நின்றுவிட்டது. போதகர் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசினார். ஆனால் என்னை நிற்கச் சொல்லவில்லை. ஒரு அண்ணன் இன்னும் வாய் தவறி 'தம்பி' என்கிறார், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு டீ வாங்கித் தருகிறார்.

அந்தப் போதகர்தான் ஒரு விஷயம் காட்டினார். அப்போஸ்தலர் 8-ஆம் அதிகாரம், எனக்குப் பரிசு வாங்கித் தந்த பகுதி. எத்தியோப்பியனை நம் பழைய வேதாகமம் 'மந்திரி' என்கிறது. கிரேக்கத்தில் அங்கே இருப்பது, மத்தேயு 19:12-ல் 'அண்ணகர்கள்', அதாவது விதை நீக்கப்பட்டவர்கள், என்று பெயர்த்த அதே சொல். வரி பிசகாமல் ஒப்பித்தவளுக்கு அந்த ஆள் யாரென்றே தெரியாமல் போயிற்று! அண்ணகரும் திருநங்கையும் ஒன்றென்று நான் சாதிக்கவில்லை. உபாகமம் 23:1-இன்படி சபைக்கு உட்படக் கூடாதவர் அந்த எத்தியோப்பியர். "நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன" என்று அவர் கேட்டபோது, வழியில் அவருக்கு வேதத்தை விளக்கிய பிலிப்பு கமிட்டியைக் கூட்டவில்லை. இரண்டு பேரும் தண்ணீரில் இறங்கினார்கள்.

திரும்பி வருகிறேன் என்று எழுதவில்லை. எனக்கு இடம் கிடைத்துவிட்டது. கேட்பது அம்மாவுக்காக.

அம்மாவுக்கு 71 வயது. சங்கக் காணிக்கை ஒரு மாதம் பாக்கி வைத்ததில்லை, நீங்களே நோட்டைப் பாருங்கள். ஆனால் நான் சேலை கட்டி வந்த அந்த வருஷத்திலிருந்து, கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடி வீடு வீடாகப் போகிற கேரல் ரவுண்ட்ஸ் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. முக்கு வீட்டில் டிரம் சத்தம் கேட்கும். அடுத்தது எங்கள் வீட்டுக்கு அந்தப் பக்கத்து வீட்டில் கேட்கும். அம்மா வராந்தா விளக்கைப் போட்டு, அச்சுமுறுக்குத் தட்டைச் செய்தித்தாளால் மூடி வைத்துப் படியில் உட்கார்ந்திருப்பாள். காலையில் அதைத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவாள். போனில் கேட்டால், "வந்தாங்க, பாடுனாங்க" என்பாள். பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இந்த டிசம்பரில் அங்கே ஒரு பாட்டுப் பாடுங்கள். நான் ஊரில் இருக்க மாட்டேன், பயப்பட வேண்டாம். கேட் தாழ்ப்பாள் இறுகிக் கிடக்கும், கொஞ்சம் தூக்கித் திறக்க வேண்டும்.

இப்படிக்கு,
அரசாங்க அட்டையில் பெயர் மாறியும் உங்கள் சபைப் புத்தகத்தில் மாறாதவள்