கத்திரிக்கோல் பட்ட பட்டு

ஆசிரியருக்கு வணக்கம்,

போன ஞாயிறு மலர்ல பழைய பட்டுத்துணி பத்தி வந்த கட்டுரை ரொம்ப பிடிச்சிருந்துச்சு, ஆனா அந்த டமாஸ்க் (நெசவுலயே பூ டிசைன் எழும்புற துணி) துண்டுங்க ஏன் பல மியூசியத்துல சின்னச் சின்னதாவே இருக்குன்னு ஒரு வரி கூட இல்ல, அது மனசுக்கு உறுத்தலா இருந்துச்சு.

பூச்சி அரிச்சது, கிழிஞ்சதுன்னு ஒரு பக்கம் இருக்கட்டும். இன்னொரு காரணம் கத்திரிக்கோல். ஜெர்மனில ஆஹன் ஊர்ல ஃப்ரான்ஸ் போக்னு ஒரு பாதிரியார் இருந்தாரு (1823-1899), சர்ச்சுங்கள்ல கிடந்த பழைய பூசை அங்கிகளைத் தேடித்தேடி சேர்த்தவர், ஆனா ஒரே துணியைப் பல துண்டா வெட்டி லண்டன், பெர்லின்னு வெவ்வேற மியூசியத்துக்குக் கொடுத்துட்டாரு. "கத்திரி போக்"னே பட்டப்பேர் வந்துடுச்சு. அவர் இல்லன்னா பாதி துணி குப்பைக்குப் போயிருக்கும், அதையும் ஒத்துக்கணும். ஆனா ஒரு டிசைன்ல பறவையோட தலை ஒரு நாட்டுலயும் வால் வேற நாட்டுலயும் கிடந்தா அதை எப்படிப் படிக்கிறது?

டமாஸ்க்ல பூ தெரியறதுக்குத் தனிக் கலர் நூலே வேணாம் சார். ஒரு இடத்துல பாவு (நீளவாக்கு நூல்) மேல வரும், இன்னொரு இடத்துல ஊடை (குறுக்கு நூல்) மேல வரும், வெளிச்சம் படுற விதத்துலதான் பூ எழும்பும், துணியைக் கொஞ்சம் சாய்ச்சாலே பளபளப்பு இடம் மாறிடும். ஃபோட்டோல இது வரவே வராது. அடுத்த தடவை படம் போடும்போது பக்கத்துல இதையாவது ரெண்டு வரி எழுதுங்க, ப்ளீஸ்.

இப்படிக்கு,
தறிக்காரர் வீட்டுப் பிள்ளை ஒருத்தன்