பின் வரிசையிலிருந்து வந்த கேள்வி

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. விடைத்தாள் கட்டு முடியட்டும் என்று பதிலைத் தள்ளிப்போட்டுவிட்டேன், மன்னித்துக்கொள். அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் மனம் நிறைந்தது.

பாடத்தை முடிக்கவே நேரம் போதாதபோது இன்றைய சண்டைகளையும் ஏன் வகுப்புக்குள் கொண்டுவருகிறாய் என்று கேட்டிருந்தாய். போன ஆண்டு நான் பட்டதைச் சொல்கிறேன். செய்திகளில் தினமும் அடிபட்ட ஒரு விவகாரத்தை அப்படியே வகுப்பில் வைத்தேன். பிள்ளைகளின் வாய் வழியே அவரவர் வீட்டுப் பெரியவர்கள்தான் பேசினார்கள். ஒரே பெஞ்சில் உட்காரும் இருவர் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அது இன்னும் என்னை உறுத்துகிறது.

இந்த ஆண்டு, யாரும் கட்சி கட்டியிராத இடத்திலிருந்து தொடங்கினேன். நியூசிலாந்தில் பெண்கள் 1893இலேயே வாக்குரிமை பெற்றார்கள். சுவிட்சர்லாந்தில் எப்போது என்று கேட்டேன். 1900, 1920 என்றார்கள். 1971 என்றதும் நம்பவில்லை. 1959இல் வாக்கெடுப்பு நடந்தது, வாக்களித்த ஆண்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் வேண்டாம் என்றார்கள் என்று சொன்னேன். அப்பென்செல் இன்னரோடன் என்ற மாநிலத்தில் ஆண்கள் இடுப்பில் வாளோடு திறந்தவெளியில் கூடிக் கைதூக்கி வாக்களிப்பது வழக்கம். அங்கே உள்ளூர் வாக்குரிமை பெண்களுக்குக் கிடைக்க 1990இல் உச்ச நீதிமன்றமே தலையிட வேண்டியிருந்தது.

"அந்த ஆண்கள் எல்லாம் கெட்டவர்களா?" என்றான் ஒருவன். பெண்களிலேயே ஒரு பிரிவினர் வாக்குரிமை வேண்டாம் என்று பிரசாரம் செய்ததைச் சொன்னேன். வகுப்பு அடங்கிவிட்டது. குடும்பம் கவனிப்பாரற்றுப் போகும், அரசியல் பெண்களுக்கு ஒத்துவராது, காலங்காலமாக இப்படித்தானே இருக்கிறது என்று அன்று சொல்லப்பட்ட காரணங்களைக் கரும்பலகையில் எழுதினேன். பின் வரிசையில் அதிகம் பேசாத ஒரு பெண் எழுந்தாள். "மிஸ், கடைசி வரியைப் போன வாரம் எங்கள் வீட்டில் கேட்டேன். ஆனால் அது வேறு விஷயத்துக்கு. அதையும் இங்கே பேசலாமா?"

பேசினோம், இரண்டு வகுப்புகள். போன ஆண்டின் கூச்சல் இல்லை. யார் சொன்னது, எப்போது, மாற்றம் வந்தால் சொன்னவருக்கு என்ன இழப்பு என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். நான் பெரும்பாலும் சாக்பீசைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. வரி எவ்வளவு, அணை கட்டலாமா என்பதற்கு இரு தரப்பு உண்டு. ஒரு மனிதர் இன்னொருவருக்குச் சமமா என்பதை நான் பட்டிமன்றமாக வைக்கமாட்டேன். சமம் இல்லை என்று அன்று எப்படி நம்பினார்கள் என்பதைத்தான் ஆராய வைப்பேன். இதில் நீ என்னோடு வேறுபடுவாய் என்று தெரியும். விரிவாக எழுது.

இரண்டாம் உலகப் போர் பாடம் பின்தங்கிவிட்டது. சனிக்கிழமை வகுப்பு வைத்து ஈடுகட்டுவேன்.

நீ அடுத்து 1918இல் உலகெங்கும் பரவிய 'ஸ்பானிஷ்' காய்ச்சலை நடத்தப்போகிறாய் அல்லவா? அந்தப் பெயரிலிருந்தே தொடங்கிப் பார். முதல் உலகப் போரில் போரிட்ட நாடுகள் காய்ச்சல் பற்றிய செய்தியைத் தணிக்கை செய்தன. நடுநிலை வகித்த ஸ்பெயினின் பத்திரிகைகள் வெளிப்படையாக எழுதின. பழி ஸ்பெயின் மேல் விழுந்தது. உன் பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்று அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி அனுப்பு.

என்றும் அன்புடன்,
உன் தோழி