ரிமார்க்ஸ் கட்டத்தில் இருப்பது

அன்புள்ள மகளுக்கு,

மருத்துவ ஆராய்ச்சிக் குழுவில் இருந்தாலும் ஆராய்ச்சி செய்வது வேறு யாரோ, நீ லேபிலிருந்து வரும் ரத்தப் பரிசோதனை அட்டவணைகளை ஒட்டிக்கொண்டிருக்கிறாய், அதனால் வேலையை விடப்போகிறாய் என்று எழுதியிருந்தாய். வங்கி மென்பொருள் பக்கம் சம்பளம் கூடத்தான். போவதானால் போ, தடுக்க மாட்டேன். ஆனால் இந்தக் காரணத்தைச் சொல்லிக்கொண்டு போகாதே.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள் சொல்கிறேன். பொட்டாசியம் 6.8 என்று உனக்கு ஒரு எண் வருகிறது. மருத்துவருக்கு அது இதயத் துடிப்பையே குலைக்கக்கூடிய அளவு. எங்களுக்கோ முதலில் வரும் சந்தேகம் வேறு: ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்து, உள்ளே இருந்த பொட்டாசியம் வெளியே கலந்துவிட்டதா? ரத்தம் உறைந்தபின் பிரிந்து நிற்கும் திரவமான சீரம் சிவந்திருந்தால் ‘ஹீமோலைஸ்ட்’ என்று ரிமார்க்ஸில் எழுதுவோம். அந்த ஒரு சொல்லை நீ விட்டுவிட்டால், நன்றாக இருப்பவர் உன் அட்டவணையில் நோயாளி ஆகிவிடுவார்.

சர்க்கரை நேர் எதிர். செல்களைப் பிரிக்காமல் சாம்பிளை அப்படியே வெளியில் வைத்தால், அவை சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு ஏறத்தாழ 5 முதல் 7 சதவீதம் குறையும். ரத்தம் எடுத்த நேரமும் பரிசோதித்த நேரமும் இருந்தால்தான் இதைக் கண்டுபிடிக்க முடியும். தேதி போதும் என்று நேரத்தை வெட்டிவிடாதே.

அப்புறம் அந்த ‘<0.01’. தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். அளவு அதற்கும் கீழே இருக்கிறது, கருவியால் அளக்க முடியவில்லை என்று பொருள். எண் வரவேண்டிய இடத்தில் குறி இருக்கிறதே என்று உன் நிரல் அதை வெற்றிடமாக்கினால், டி.எஸ்.எச். இப்படி அடிமட்டத்துக்கு இறங்கிவிடும், தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்களாகப் பார்த்துக் கணக்கிலிருந்து காணாமல் போவார்கள். இதற்குப் பிறகு எந்தப் புள்ளியியல் நிபுணர் வந்தும் பயனில்லை. யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது என்று நீ ஏற்கெனவே முடிவு செய்துவிட்டாய். இது ஆராய்ச்சி இல்லாமல் வேறென்ன?

மார்ச்1, செப்ட்2 என்ற மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக்கிவிடும் கதையை நீதானே எனக்குச் சொன்னாய்? 2020இல் பெயர்சூட்டும் குழுவே அவற்றின் பெயர்களை மாற்றியது. மென்பொருளைத் திருத்துவதைவிட மரபணுவுக்குப் புதுப்பெயர் வைப்பது சுலபமாக இருந்திருக்கிறது! அந்தக் கூத்து வெளியே தெரிந்ததற்கும் உன்னைப்போல அட்டவணையை உற்றுப் பார்த்தவர்கள்தான் காரணம்.

அதனால், வந்த கோப்பைத் தொடாமல் வை. சந்தேகத்துக்குரிய மதிப்பை அழிக்காதே, பக்கத்தில் ஒரு கட்டம் போட்டுக் குறித்து வை. ஒருநாள் காலையில் அந்த லேபுக்குப் போய் நின்று பார். அனலைசரை எப்போது மாற்றினார்கள், கிட்டை எப்போது மாற்றினார்கள் என்று கேள். எங்களிடம் இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை, கேட்டால் சந்தோஷமாகச் சொல்வோம்.

கட்டுரையில் பெயர் வராதது உன் வருத்தம் என்று எனக்குத் தெரியும். அது நியாயம்தான். மருத்துவ இதழ்கள் பலவும் பின்பற்றும், இதழாசிரியர்களின் சர்வதேசக் குழுவான ஐ.சி.எம்.ஜே.ஈ.யின் நெறிமுறைகளில் தரவைப் பெறுவதில் கணிசமான உழைப்பும் பங்களிப்பாக எண்ணப்படும். ஆனால் அது மட்டும் போதாது. வரைவை எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு வேண்டும், இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தரவேண்டும், பொறுப்பும் ஏற்கவேண்டும். ஆகவே கட்டுரை அச்சாகும்வரை காத்திருக்காமல் இப்போதே பேசு. வரைவைக் கேட்டு வாங்கு. ‘எத்தனை பேரை, எதற்காக நீக்கினோம் என்ற பகுதியை நானே எழுதுகிறேன்’ என்று அவர்களிடம் சொல். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா